மணி அடிக்காத தொட்டில்

மனிதனாகப் பிறந்தவனுக்குக் கொள்கை என்று ஒன்று வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கும் ஒன்று இருந்தது. காலை பத்து மணிக்கு முன்னால் கண்ணைத் திறப்பதில்லை. அவனுக்கு மத்தியான ஷிஃப்ட். கடைசிக் கட்டடத்தின் கடைசி லிஃப்டையும் தட்டிக்கொட்டிவிட்டு வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கிறவன். சூரியன் உதிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான், பார்த்ததில்லை. கல்யாணம் அந்தக் கொள்கையை அசைக்கவில்லை. பக்கத்து மனையில் ஆறு மாடிக் கட்டடம் எழும்பியபோது கூட அசையவில்லை.

அசைக்க வந்தது ஒரு பெண் குழந்தை. பிறந்து சில வாரம்தான். வீட்டில் அதற்குப் பெயர் முதலாளி. நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடும். எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லாது. வேலை முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிடும். மெக்கானிக் தன் அனுபவத்தில் பார்த்த எல்லா முதலாளிகளின் குணமும் அதற்கு இருந்தது. அவன் வைத்த பெயர்தான்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஊரே வாத்தியாரம்மா என்று கூப்பிடும். அவளுடைய வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, 'ஆஹா, நானே ஓட்டுறேன்' என்று பூரித்துப்போவார். கீழே இவள் கால் பிரேக்கின் மேல் இருக்கும். ஒருநாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவாள். என்றைக்கு எடுத்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கத்தமாட்டாள், திட்டமாட்டாள். நேராகச் சுவரைப் பார்த்து வண்டியை விடுகிறவரிடம்கூட, "அருமையாப் போறீங்க, அந்தச் சுவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுக் கிட்ட வந்துடுச்சு" என்பாள். அவளிடம் படித்துத் தோற்றவர் கிடையாது.

மெக்கானிக்குக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவளுடைய வித்தையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான்.

"என்னங்க, ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு" என்றாள் ஒருநாள், குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே. "அடுத்த மாசமும் வரலேன்னா என் வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"குடுக்கட்டுமே."

"என் வண்டிங்க."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த வண்டி அவள் கைக்கு வருவதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்பது அவனுக்குத் தெரியும். முதன்முதலாக அதில் உட்கார்ந்து வந்த அன்று தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவள். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, போ. யாரு வேண்டாம்னது?"

"காலைல கொஞ்ச நேரம்தாங்க. நீங்க வீட்லதானே இருக்கீங்க. பால் எடுத்து வெச்சிட்டுப் போயிடறேன்."

"நான் தூங்குவேனே."

"முதலாளியும் தூங்குவா."

"முழிச்சா?"

"பாலைக் குடுங்க."

"ஈரம் பண்ணினா?"

"மாத்துங்க."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்குத்தான் டயாபர் மாத்தத் தெரியாதே" என்றான். டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டுகிறவனின் தெம்பு அந்தக் குரலில் இருந்தது.

இந்தத் தெரியாமை சும்மா வந்ததல்ல. எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கற்றுக்கொடுத்த பாடம். "கத்துக்கிட்டா மாட்டிக்குவ தம்பி. என்னைப் பாரு. ரெண்டு பிள்ளைக்கு அப்பன், மூணாவது வந்துக்கிட்டிருக்கு. இன்னிக்கு வரைக்கும் என் சுண்டுவிரல் நனைஞ்சதில்ல. தெரியாதுங்கறதுதான் ஆம்பளைக்கு அசையாச் சொத்து." மெக்கானிக் அந்தச் சொத்தை அன்று முதல் கட்டிக் காத்து வந்தான்.

ஆனால் இப்போது சிக்கல். மனைவியின் வண்டியும் போகக்கூடாது, தன் தூக்கமும் போகக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவன் டயாபர் பாக்கெட்டை எடுத்து, புது மோட்டாருக்கு வரும் விவரத்தாளைப் படிப்பதுபோல் முன்னும் பின்னும் படித்தான். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"இந்தா பாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்தற நீ?"

"கணக்கு வெச்சதில்லீங்க. தேவைப்படறப்பல்லாம்."

"அங்கதான் தப்பு. இதுல என்ன போட்டிருக்கு? பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். நீ ரெண்டு சொட்டுக்கு ஒண்ணை உருவிப் போடற. எட்டுப் பேர் ஏறலாம்னு எழுதின லிஃப்ட்ல ரெண்டு பேர் ஏறினதுமே, வேற லிஃப்ட் கொண்டாங்கன்னு யாராவது சொல்வாங்களா?"

"முதலாளி லிஃப்ட் இல்லீங்களே."

"கெபாசிட்டின்னா எல்லாம் ஒண்ணுதான். நீ போறப்ப ஒண்ணு மாட்டிவிட்டுப் போ. வந்து கழட்டு. நடுவுல நான் எதுக்கு?"

"டாக்டரம்மா அப்படிச் சொல்லலியே. பிறந்த குழந்தைக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னாங்க. வெளிக்குப் போயிட்டா அப்பவே. இல்லேன்னா தோல் வெந்துபோயிடுமாம்."

"டாக்டரம்மா பொதுவாச் சொல்லியிருப்பாங்க. நான் மெக்கானிக்கா யோசிக்கிறேன்."

மனைவி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். சுவரை நோக்கிப் போகும் வண்டிகளை நிறையப் பார்த்தவள் அவள். "யோசிங்க, யோசிங்க. உங்க மூளை யாருக்கு வரும்?" என்றாள்.

அவ்வளவுதான். மெக்கானிக் கிளம்பிவிட்டான்.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் இறங்கும் அடிக்குழியில் மழைக்காலத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்காக அங்கே ஒரு கருவி வைத்திருப்பார்கள். பட்டையாக ஒரு நாக்கு, அதிலிருந்து ஒயர், ஒயரின் முனையில் ஒரு டப்பா. நாக்கில் ஈரம் பட்டால் டப்பா அலறும். வேலையிடத்தில் கழித்துப் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, பென்சில் பேட்டரி ஒன்று போட்டான். குழந்தை உடம்பில் ஒயர் படக்கூடாது என்று மனைவி கறாராகச் சொன்னதால், தொட்டில் மெத்தைக்கு மேல், விரிப்புக்குக் கீழே நாக்கைப் படுக்கவைத்தான். டப்பாவைத் தொட்டில் காலில் கட்டினான்.

"டயாபர் தாங்கற வரைக்கும் தாங்கும். தாங்கலேன்னா விரிப்பு நனையும். நனைஞ்சா மணி அடிக்கும். அடிச்சா எழுந்திருச்சு மாத்துவேன். அதுவரைக்கும் யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

"அடேயப்பா!" என்றாள் மனைவி. வியந்து பேசுவதில் அவள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. "புதுசா ஒரு பேட்டரி வேற போட்டிருக்கீங்களே."

இதில் ஒரு சின்ன உள்குத்து இருந்தது. அடுக்களைச் சுவர்க் கடிகாரம் போன வருஷமே நின்றுவிட்டது. ஒரு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். 'இன்னிக்குப் போட்டுடறேன்' என்று மெக்கானிக் சொல்லிச் சொல்லி, சொல்வதே ஒரு பழக்கமாகிவிட்டது. ஊரையெல்லாம் மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறவன் வீட்டில் மட்டும் எப்போதும் மூன்றேகால்.

மறுநாள் அவள், டிரைவிங் ஸ்கூலிலிருந்து எப்போதோ கொண்டு வந்திருந்த, ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் வண்டியில் ஒட்டும் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் ஒன்றைத் தொட்டில் காலில் ஒட்டினாள்.

"உலகத்துக்குப் புதுசுல்ல" என்று மெக்கானிக் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஒத்திகை வைத்தார்கள். காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்து, புது டயாபர் கட்டி, தொட்டிலில் விட்டுவிட்டு அவள் உள்ளறைக்குப் போனாள். "நான் இல்லேன்னே நினைச்சுக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெக்கானிக் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தான். போர்வையைக் காதுவரை இழுத்தான். விஞ்ஞானம் காவல் காக்க, நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

நடுவில் முதலாளி ஒருமுறை முனகினார். மணி அடிக்கவில்லையே என்று மெக்கானிக் புரண்டு படுத்தான். இன்னொருமுறை சிணுங்கினார். இவன் போர்வைக்கு வெளியே ஒரு கையை மட்டும் நீட்டித் தொட்டிலை ஆட்டினான். பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஈரச் சத்தம்தான், ஆனால் வெறும் ஈரம் அல்ல. அப்போதும் மணி அடிக்கவில்லை. கருவிக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது என்று தூங்கிப்போனான்.

பிறகு அடித்தது.

அடிக்குழியில் அடித்தால் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறவனுக்கும் கேட்கவேண்டும் என்று செய்த மணி அது. பதினாறடிக்குப் பத்தடி அறைக்குள் அடித்தது. மெக்கானிக் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை, எகிறினான். முதலாளி அந்த மணியையும் மிஞ்சிக் கத்தினார். எதிர்வீட்டுக் கடைக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து, கையில் கிடைத்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். பாதி வழியில்தான் அவருக்கு மனைவியின் ஞாபகம் வந்ததாம். அந்த அம்மாள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

மெக்கானிக் மணியை நிறுத்தினான். டயாபரைத் திறந்தான். உடனே மூடினான். மறுபடி திறந்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. முன்புறம், பின்புறம், முதுகு, விரிப்பு, மெத்தை, கருவியின் நாக்கு, ஒன்றையும் முதலாளி விட்டுவைக்கவில்லை. திரும்பி வந்த கடைக்காரர் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொடாத தம்பி, தொட்டா மாட்டிக்குவ!" என்றார்.

அவனுக்கு அது காதில் விழவில்லை. துடைத்த இடத்தில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. காசளவுதான் இருக்கும். அதன்மேல் துணி பட்டதும் குழந்தை உதட்டைப் பிதுக்கி அவனைப் பார்த்தது. பன்னிரண்டு மணி நேரமாவது, கெபாசிட்டியாவது. வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஒரு ஒற்றல், ஒரு மன்னிப்பு, ஒரு ஒற்றல், ஒரு மன்னிப்பு என்று துடைத்து முடித்தான். புது டயாபரை முன்பக்கம் பின்னால் போகும்படி கட்டினான். ஆனால் கட்டிவிட்டான்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. மனைவி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள். கொட்டாவி கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனும் நாலு வார்த்தை சொல்லி, கோபித்துக்கொண்டு, கொள்கையைக் காப்பாற்றியிருப்பான்.

"மாத்திட்டீங்களா? நீங்களேவா? முதல் தடவையே இவ்வளவு இறுக்கமாக் கட்டியிருக்கீங்களே!" என்றாள். குழந்தையின் சிவப்புத் திட்டுக்கு மருந்து தடவினாள். "உங்க மணியும் பிரமாதம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்கு மிஷின் சமாசாரம் தெரியாது. உங்க வேலைல அந்தக் குழி மணி அடிச்சா மேனேஜர் என்னங்க சொல்வார்?"

"கிழிச்சுத் தொங்கவிடுவார்."

"ஏன்? மணிதான் அடிச்சுடுச்சே."

"மணி அடிச்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஓடறவன் எடுபிடி. நல்ல மெக்கானிக்கா இருந்தா மணி அடிக்கவே விடமாட்டான். முன்னாடியே போய்ப் பாத்துடுவான்."

"ஓ! நான் என்னத்தைக் கண்டேன். உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் மனைவி, குழந்தையை வாங்கிக்கொண்டு.

மெக்கானிக் வெகுநேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் தொழிலுக்கே ஒரு சவால் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதை எழுப்பியது யார் என்று மட்டும் தோன்றவில்லை.

அடுத்த நாள் மணி அடிப்பதற்குள் எழுந்தான். மறுநாள் இன்னும் முன்னால் எழுந்தான். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று என்று முதலாளியின் நடைமுறை பிடிபட்டது. முகம் படிக்கவும் வந்துவிட்டது. உதைத்துக்கொண்டிருக்கும் கால் சட்டென்று நிற்கும். உதடு குவியும். இடது புருவம் மட்டும் மேலே போகும். பார்வை கூரையில் ஏதோ பெரிய விஷயத்தைத் தேடும். அவ்வளவுதான், எண்ணி நாலு மூச்சுக்குள் சமாசாரம் வரும். லிஃப்ட் மோட்டார் சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்கிற காதும் கண்ணும் வீண்போகவில்லை.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மனைவி, ஆரம்பத்தில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு உண்மையிலேயே தூங்கினாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் முகத்தில் முதல்முறையாகத் தெளிச்சி வந்தது. மெக்கானிக் அதையும் கவனித்தான். சிவப்புத் திட்டு மறைந்ததைவிட அதில் அவனுக்குச் சந்தோஷம் ஒன்றும் குறைவில்லை. தன் தூக்கம் எங்கே போயிற்று என்று ஒருநாள்கூட அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னிக்கும் மணி அடிக்கல பாத்தியா?" என்பான்.

"எப்படிங்க அடிக்கும்? நீங்க விட்டாத்தானே!" என்பாள் அவள்.

"இப்ப ஒண்ணு மாத்திடட்டுமா?"

"இப்பத்தானேங்க மாத்தினீங்க. ரெண்டு சொட்டுக்கு ஒண்ணை உருவிப் போடறீங்களே."

"உனக்குத் தெரியாது. தோல் வெந்துபோயிடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே யாருக்கும் தெரியாமல் சிரிப்பதற்கு இடம் இருந்தது.

அடுத்த மாதம் பிறந்தது. வாத்தியாரம்மா தன் வண்டிக்குத் திரும்பினாள். முதல் நாள் காலையில் அவள் குழந்தையை இரண்டு தடவை முத்தமிட்டாள். மணி டப்பாவை ஒருமுறை பார்த்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள். "வரேங்க" என்று கிளம்பிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நம்பிக்கை தன் மணியின் மேல்தான் என்று மெக்கானிக் மார்தட்டிக்கொண்டான்.

அவள் திரும்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிர்வீட்டுக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? மணி ரிப்பேரா?"

மெக்கானிக் சிரித்தான். "ரிப்பேரா? அடிக்க விடறதில்ல அண்ணே. வெறும் மணி இல்ல இது, மெயின்டனன்ஸ். வாங்க, எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன். காதைப் பொத்திக்குங்க."

முதலாளியைத் தோளில் போட்டுக்கொண்டான். விரிப்பை விலக்கினான். கருவியின் நாக்கில் அரைத் தம்ளர் தண்ணீரை ஊற்றினான்.

கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

மீதித் தண்ணீரையும் ஊற்றினான். மெத்தை குடித்தது. மணி வாயைத் திறக்கவில்லை.

"அடிச்சு முடிஞ்சுதா?" என்றார் கடைக்காரர், காதிலிருந்து கையை எடுக்காமல்.

மெக்கானிக் டப்பாவின் மூடியைத் திறந்தான். பேட்டரி இருக்கவேண்டிய பள்ளத்தில் பேட்டரி இல்லை. ஒரு மெல்லிய தூசிப் படலம் இருந்தது. அது நேற்றைய தூசியும் அல்ல.

அந்த நிசப்தத்தில்தான் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். அடுக்களையை எட்டிப்பார்த்தான். போன வருஷத்திலிருந்து மூன்றேகாலாக இருந்த கடிகாரம் பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது. அதே பழைய, தெருமுனையிலிருந்தே வரும் ஹாரன். மனைவி படியேறி வந்தாள். நெற்றியில் வியர்வை. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. நனைந்த மெத்தையையும், திறந்த டப்பாவையும், புருஷனையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"இது எப்போலேர்ந்து?" என்றான் மெக்கானிக்.

"நீங்க மணிக்கு முன்னாடியே எழுந்திரிக்க ஆரம்பிச்சீங்களே, அந்த வாரமே எடுத்துட்டேங்க. கடிகாரம் பாவம், எத்தனை நாள் நிக்கும்?"

"அப்போ எந்த நம்பிக்கையில பிள்ளைய விட்டுட்டுப் போன?"

"உங்களை நம்பித்தான்."

அவன் முதலாளியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"முதல் நாள் கதவுக்குப் பின்னாலயேதான் நின்னுட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. "அந்த மணி இன்னும் ஒரு நிமிஷம் அடிச்சிருந்தா நானே ஓடி வந்திருப்பேன். நீங்க துடைச்சுக்கிட்டே அவகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். எங்க வண்டில பிரேக்லேர்ந்து காலை எடுத்துட்டோம்னு ஓட்டறவங்ககிட்ட சொல்லமாட்டோங்க. சொன்னா பயந்துபோய் நடுரோட்டுல நிறுத்திடுவாங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அவன் தேடிப்பார்த்தான். ஆச்சரியம்தான் வந்தது. இத்தனை நாள் இப்படிப்பட்ட ஒருத்தியுடன் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் போனோமே என்றுதான் இருந்தது.

அவள் குனிந்து, தொட்டில் காலில் இருந்த சிவப்பு 'எல்' ஸ்டிக்கரை நகத்தால் நெருடி மெதுவாக உரித்தாள்.

"அது முதலாளிக்கு ஒட்டினதுன்னு நினைச்சேன்" என்றான்.

"அவளுக்கு எதுக்கு? அவ வேலைய அவ பிறந்த அன்னிக்கே சரியாத்தான் செஞ்சா."

கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சொன்னேனே தம்பி, கேட்டியா? கத்துக்கிட்டா மாட்டிக்குவன்னு!" சிரிப்பு அடங்குமுன், வாத்தியாரம்மா அந்த ஸ்டிக்கரை அவருடைய சட்டைப் பையின் மேல் வைத்து நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

"இது உங்களுக்குண்ணே. அண்ணிகிட்ட காலைலயே பேசிட்டேன். அன்னிக்கு நீங்க கண்ணாடிப் பெட்டியோட ஓடினதுலேர்ந்தே கேட்டுக்கிட்டிருக்காங்க. மூணாவது வர்றதுக்குள்ள பழகிடலாமாம். நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க, இவர் சொல்லிக்குடுப்பார்."

கடைக்காரர் உதவிக்கு மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் அவரைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த முதலாளியின் கால் உதைப்பது நின்றிருந்தது. அவன் கை தானாகப் புது டயாபரை எடுத்து விரித்துக்கொண்டிருந்தது.

"ஒன்பதா?" என்றான், பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காத மெக்கானிக். "அதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சுடும் அண்ணே. ஆறரைக்கு வந்துடுங்க."